கப்பா, துணி பேடா? கோலாலம்பூர் பிளாட் வாழ்க்கைக்கு எது தோது

மாதாமாதம் பேட் வாங்கித் தூக்கிப்போடுவதை நிறுத்த நினைப்பவர்களுக்கு முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன: துவைத்துத் திரும்ப அணியும் துணி பேட், உதிரத்தை உறிஞ்சும் உள்ளாடையான பீரியட் பேண்டி, யோனிக்குள் வைத்து உதிரத்தைச் சேகரிக்கும் சிலிகான் கப். மூன்றையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு நான் கப்போடு நின்றுவிட்டேன். அதனால் இந்த அலசல் கப் பக்கம்தான் சாயும். செந்தூலில் அடுக்குமாடி வீடு, பங்சார் சவுத்தில் வேலை, போகவர எல்ஆர்டி ரயில் என்று வாழ்கிற ஒருத்தியின் கருத்தாக இதைப் படியுங்கள்.

பணத்தையும் குப்பையையும் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. மூன்றுமே முதலில் கொஞ்சம் செலவு வைக்கும், பிறகு மிச்சம் பிடிக்கும். ஓரளவு நல்ல கப் நூறு வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கிறது. சரியாகப் பராமரித்தால் பத்து ஆண்டு வரைகூட வரும் என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். துணி பேட் ஒன்று மலிவுதான், ஆனால் பகலுக்கு, இரவுக்கு என்று செட்டாக வாங்கினால் அதுவும் கப் விலைக்கு வந்து நிற்கும்.

முடிவு செய்ய வைப்பது இவை இரண்டும் அல்ல. எங்கே அலசுவது, எங்கே காயப்போடுவது என்ற கேள்விதான்.

துணி பேட் உடம்புக்கு இதமானது, அதில் சந்தேகமே இல்லை. பிளாஸ்டிக் உரசல் இல்லை, தொடையில் அரிப்பு இல்லை, உள்ளே எதையும் வைக்க வேண்டியதில்லை. ஆனால் அதைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைக்க வேண்டும், கறை போக அலச வேண்டும், சோப்பு போட்டுத் துவைக்க வேண்டும், அதற்குப் பிறகு முழுக்கக் காய வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் நம் ஊரில் நடக்க மாட்டேன் என்கிறது. பிளாட்டின் பின்பக்க யார்டில் வெயில் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். மத்தியானம் தாண்டினால் மழை. மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரம். தடிமனான இரவு பேட் ஒரே நாளில் காய்ந்து நான் பார்த்ததில்லை. அரைகுறையாகக் காய்ந்ததை மடித்து வைத்தால் ஈரவாடை வரும், பூஞ்சை பிடிக்கும். அதையே திரும்ப அணிவது தோலுக்கு நல்லதல்ல. சில கொண்டோக்களில் பால்கனியில் துணி காயப்போடவே அனுமதி இல்லை. அறை வாடகைக்கு எடுத்து, நாலு பேரோடு ஒரே குளியலறையைப் பகிர்ந்துகொள்ளும் பெண்கள் வாளியில் பேட் ஊறவைப்பது எப்படி? ஆபீசில் மாற்றிய பேடைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு மாலை நெரிசலில் ரயில் ஏறுவது இன்னொரு தொல்லை.

பீரியட் பேண்டிக்கும் இதே கதைதான். நடுப்பகுதி பல அடுக்காக இருப்பதால் காய நேரமாகும். துணி மென்மையாக்கும் திரவம் போட்டால் உறிஞ்சும் தன்மை குறைந்துவிடும். ஆனாலும் தூங்கும்போது போட்டுக்கொள்ள நல்ல பொருள் என்பேன். நான் அதை அதிகம் பயன்படுத்தவில்லை, அதனால் இதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

கப்புக்குக் காய வேண்டிய அவசியமே இல்லை. எடுத்து, கொட்டி, கழுவி, அப்படியே திரும்ப வைத்துவிடலாம். பெரும்பாலான கப்புகளை 12 மணி நேரம் வரை உள்ளே வைத்திருக்கலாம் என்பதால் சாதாரண நாளில் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, இரண்டுமே சொந்தக் குளியலறையில். உதிரப்போக்கு அதிகமான நாளில் மட்டும் ஆபீசில் ஒருமுறை காலி செய்ய வேண்டிவரும். கழிவறைக்குள் நுழையும் முன்பே கையைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். ஒரு சின்ன போத்தலில் குடிதண்ணீர் எடுத்துப் போனால் உள்ளேயே கப்பை அலசிவிடலாம். தண்ணீர் இல்லையென்றால் டிஷ்யூவால் துடைத்து வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து நன்றாகக் கழுவலாம். நம் ஊர்க் கழிவறைகளில் இருக்கும் ஹோஸ் உடம்பைச் சுத்தம் செய்துகொள்ள நல்ல வசதி. கப்பை அதில் பிடிக்காதீர்கள், வேகத்தில் கை நழுவி விழுந்துவிடும். விழுந்தால் கொதிக்க வைக்காமல் திரும்ப வைக்கக் கூடாது. அப்புறம், குந்தி உட்காரும் கழிவறையைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். குந்தும்போது கப் தானாகக் கீழே இறங்கும், எடுப்பது எளிது.

தண்ணீர்த் தடை இன்னொரு காரணம். 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆறு மாசுபட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் பல பகுதிகளில் குழாய் வற்றியது பலருக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில் துணி பேட் வாளியில் குவியும். கப்புக்கு ஒரு போத்தல் தண்ணீர் போதும்.

கொதிக்க வைப்பது முதல்முறை பயன்படுத்தும் முன்பும், அதன்பின் ஒவ்வொரு மாதவிடாய்க்கும் இடையிலும்தான். கப் முழுகும் அளவு தண்ணீரில் ஐந்து நிமிடம் போல. சரியான நேரம் உங்கள் கப்போடு வரும் தாளில் இருக்கும். அடுப்பில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடாதீர்கள், தண்ணீர் வற்றினால் சிலிகான் கருகிவிடும். சமையல் பாத்திரத்தைத் தொட வேண்டாம் என்று வீட்டில் சொல்வார்கள், அது நியாயம்தான். இதற்கென்று ஒரு சின்னக் குண்டான் வாங்கிவிடுங்கள். அறையில் தங்கியிருப்பவர்களுக்கு மேகி வேகவைக்கிற சின்ன மின்சாரப் பானை போதும், அதுவும் தனியாக. காய்ந்த கப்பைக் காற்றுப் புகும் துணிப்பையில் வையுங்கள், இறுக்கி மூடும் டப்பாவில் வேண்டாம்.

கப்பின் உண்மையான கஷ்டம் தொடக்கத்தில்தான். முதல்முறையே சரியாக அமைந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், பழகச் சில மாதம் ஆகலாம். வீட்டில் இருக்கும் சனி, ஞாயிறில், போக்கு இருக்கும் நாளில் தொடங்குங்கள். வறண்ட நாளில் ஒத்திகை பார்த்தால் வலிக்கத்தான் செய்யும். விளிம்பைத் தண்ணீரால் நனைத்து, ஒரு பக்கத்து விளிம்பை உள்ளே அழுத்தி மடித்தால் முனை சிறுத்துவிடும், முதல்முறைக்காரர்களுக்கு இந்த மடிப்புதான் வசதி. நேராக மேலே தள்ளாமல் முதுகெலும்பின் அடி நுனியை நோக்கிச் சாய்வாகச் செலுத்துங்கள். உள்ளே போனதும் அடிப்பகுதியைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். மடிப்பு தட்டுப்பட்டால் கப் விரியவில்லை என்று அர்த்தம், கசிவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். எடுக்கும்போது கப்பின் அடியில் இருக்கும் வாலைப் பிடித்து இழுக்கவே கூடாது. அடிப்பகுதியைக் கிள்ளி, உள்ளே காற்றுப் புகவிட்டு, மெல்ல அசைத்து எடுக்க வேண்டும். பதறினால் தசை இறுகும், கப் மேலே ஏறிக்கொள்ளும். மூச்சை விட்டு, கொஞ்சம் முக்கினால் இறங்கி வரும். உள்ளே காணாமல் போவதற்கு வழியில்லை, மேலே கருப்பை வாய் வழியை அடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

கல்யாணம் ஆகாத பெண் இதை வைக்கலாமா என்று என் அம்மா கேட்டார். பல வீடுகளில் கேட்கப்படும் கேள்விதான் இது, பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். கன்னித்திரை என்பது யோனி வாசலின் ஓரத்தில் இருக்கும் நெகிழ்வான சவ்வு. கப் வைக்கும்போது அது விரியலாம், கிழியவும் செய்யலாம். ஆனால் அதை வைத்து ஒரு பெண்ணின் கன்னித்தன்மையைச் சொல்ல முடியாது. 2018-இல் உலகச் சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு அறிவியல் அடிப்படையே இல்லை, அதைத் தடை செய்ய வேண்டும் என்று அறிவித்தன. இதைச் சொன்ன பிறகும் அம்மாவுக்கு மனம் முழுக்க ஒப்பவில்லை, ஆனால் குண்டான் வாங்கிக் கொடுத்தது அவர்தான்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 2019-இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் 43 ஆய்வுகளைத் தொகுத்து ஓர் அலசல் வந்தது, ஏறத்தாழ 3,300 பேரைப் பற்றியது. கசிவு மற்றப் பொருள்களைப் போலவோ அதைவிடக் குறைவாகவோதான் இருந்தது. பாக்டீரியா நச்சால் வரும் ஆபத்தான நச்சு அதிர்ச்சி நோய் மிக அரிதாகவே பதிவாகியிருந்தது. அரிது என்றாலும் அறிகுறிகளைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: திடீர்க் காய்ச்சல், வாந்தி, தோலில் தடிப்பு, தலைசுற்றல். வந்தால் கப்பை உடனே எடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். கருப்பையில் காப்பர் டி போன்ற கருத்தடைச் சாதனம் வைத்திருப்பவர்கள் முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும், கப்பை இழுக்கும்போது அது இடம் பெயர வாய்ப்புண்டு. பிள்ளை பெற்றவர்களுக்கு நான் அனுபவத்திலிருந்து எதுவும் சொல்ல முடியாது. பிரசவத்துக்குப் பின் வரும் உதிரத்துக்கு மட்டும் கப் கூடாது.

அளவை வயது பார்த்து வாங்காதீர்கள். மாதவிடாய் நாளில் சுத்தமான விரலால் கருப்பை வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சீக்கிரமே தட்டுப்பட்டால் குட்டையான கப் எடுங்கள். ரொம்ப விறைப்பான கப் சிலருக்குச் சிறுநீர்ப்பையை அழுத்தும். திறந்த கப்பைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று நம்ப வேண்டாம், அதனால் அளவும் மருத்துவத் தரச் சிலிகான் என்ற விவரமும் தெளிவாக எழுதியிருப்பதையே வாங்குங்கள்.

தரை வீடு, வெயில் படும் கொல்லை, தனிக் குளியலறை எல்லாம் இருக்கிறதா? உள்ளே எதையும் வைக்க மனம் வரவில்லையா? துணி பேடே வாங்குங்கள், நன்றாக உழைக்கும். காஜாங்கில் இருக்கும் என் சித்தி அப்படித்தான், அவர் கொடியில் எல்லாம் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடுகிறது.