கட்டத்தாளுக்கு போஸ்ட்ஸ்கிரிப்ட், சீட்டுக்கட்டுக்கு டெக்

மேசை விளையாட்டுக்கு வேண்டிய அறுகோணத் தாள், சீட்டு, பகடை அட்டவணை எல்லாவற்றையும் வரைகலைச் செயலியில் சுட்டியை இழுத்து வரைந்துவிடலாம். முதல் சீட்டுக்கு அதுதான் எளிது. ஒரு கட்டு முழுவதையும் வரைந்த பிறகு, எல்லாச் சீட்டுகளிலும் தலைப்பை 2 மில்லிமீட்டர் இறக்கவேண்டும் என்று தெரியும்போதுதான் நிரலின் அருமை புரியும். ஓர் எண்ணை மாற்றினால் கட்டு முழுவதும் மாறிவிடும். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. அச்சுப்பக்கத்தை விவரிக்கும் மொழியான போஸ்ட்ஸ்கிரிப்ட் (PostScript), தரவை வரிவரியாகப் படிக்கும் ஆக் (awk) நிரல் வழியே எஸ்விஜி (SVG) என்ற பட வடிவம், அச்சுக்கோக்கும் மென்பொருளான டெக் (TeX) என்று பல்லாண்டுகளாகப் புழங்கிவரும் மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே வேலைக்கானவை அல்ல. கோடுகள் மிகுந்த பொருளா, சொற்கள் மிகுந்த பொருளா என்பதை வைத்தே தேர்ந்தெடுக்கவேண்டும்.

கோடுகள் என்றால் எனக்கு போஸ்ட்ஸ்கிரிப்ட்தான். 1984-இல் அடோபி வெளியிட்ட இந்த மொழிக்கு அச்சிடும் பக்கம்தான் உலகம். எண்கள் முதலில் வந்து அடுக்கு (stack) என்ற தற்காலிக இடத்தில் ஏறிக்கொள்ளும். கட்டளை கடைசியில் வந்து அவற்றை எடுத்துக்கொள்ளும். வினைமுற்று கடைசியில் வரும் தமிழ் வாக்கியத்துக்குப் பழகியவர்களுக்கு இந்த வரிசை அந்நியமாகப் படாது. இதன் இயல்பான அலகு அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. ‘72 25.4 div dup scale’ என்று தொடக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டால், அதற்குப் பிறகு எழுதும் எண்கள் எல்லாம் மில்லிமீட்டர் ஆகிவிடும். கூடவே கோட்டின் தடிமனும் 1 மில்லிமீட்டராகப் பருத்துவிடும் என்பதால், அதை உடனே 0.2-க்குக் குறைத்துவிடுங்கள்.

அறுகோணம் வரைய இதில் சைன், கொசைன் எதுவும் வேண்டாம். ஒரு பக்கம் வரை, 60 பாகை திரும்பு, இதை ஆறு முறை செய்: ஒரே வரி. பாதையின் நடுவே அச்சைத் திருப்பினாலும் ஏற்கெனவே வரைந்த பகுதி அசையாது என்பதால்தான் இது சாத்தியமாகிறது. பக்கம் 10 மில்லிமீட்டர் என்றால் அடுத்த நெடுவரிசை 15 மில்லிமீட்டர் தள்ளித் தொடங்கும். ஒரு நெடுவரிசைக்குள் அறுகோணங்களின் இடைவெளி 17.32, ஒன்றுவிட்டு ஒரு நெடுவரிசையை 8.66 உயர்த்தவேண்டும். இரண்டு சுழல்களுக்குள் (loop) தாள் நிறைந்துவிடும். தற்செயல் எண் தரும் ரேண்ட் (rand) என்ற கட்டளையும் மொழிக்குள்ளேயே இருக்கிறது. கடிகார நேரத்தை அதற்கு விதையாக, அதாவது தொடக்க எண்ணாக, கொடுத்தால், ஒரே கோப்பு ஒவ்வொரு முறையும் வேறொரு பிங்கோ அட்டையைத் தரும். இருபது வரிக் கோப்புக்குள் இவ்வளவும் அடங்குவது இன்னும் எனக்கு வியப்புதான்.

ஆனால் ஒரு பத்தி உரையைக் கொடுத்துப் பாருங்கள். வரியை எங்கே மடிப்பது என்று போஸ்ட்ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. தமிழ் என்றால் நிலைமை இன்னும் மோசம். ‘கொ’ என்ற எழுத்தில் மெய்யின் இருபுறமும் குறிகள் நிற்கவேண்டும். போஸ்ட்ஸ்கிரிப்டோ கொடுத்த வடிவங்களைக் கொடுத்த வரிசையில் அடுக்குமே தவிர, எழுத்தை இணைக்காது.

ஆக் 1977-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. சீட்டுகளின் பெயர், விலை, வலிமை ஆகியவற்றை ஓர் அட்டவணைக் கோப்பில் வைத்து, வரிக்கு ஒரு சீட்டாக எஸ்விஜி எழுதச்செய்யலாம். உலாவியில் திறந்தால் தமிழ் எழுத்துகள் சரியாகவே இணைந்து தெரியும். எண்ணும் படக்குறியும் மட்டுமே உள்ள சீட்டுகளுக்கு இதைவிட விரைவான வழியை நான் பார்த்ததில்லை. ஆனால் எஸ்விஜி 1.1-இல் வரி தானாக மடியாது. பக்கம் என்ற கருத்தும் இல்லை. ஒரு தாளில் அடங்கும் ஒன்பது சீட்டுக்கு ஒரு கோப்பு என்று நீங்களேதான் பிரிக்கவேண்டும். விதிமுறை நாலு வரி நீண்டால் அது சீட்டைத் தாண்டி ஓடும், யாரும் எச்சரிக்கமாட்டார்கள்.

டெக் எச்சரிக்கும். சீட்டுகளுக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க அந்த ஒரு காரணமே போதும். சீட்டின் உரையை உயரம் நிர்ணயித்த ஒரு வீபாக்ஸுக்குள் (vbox, செங்குத்துப் பெட்டி) வைத்தால், உரை மிஞ்சும்போது எத்தனை புள்ளி (அச்சு அளவலகு) மிஞ்சியது, எந்த வரியில் என்று பதிவேட்டில் எழுதிவைக்கும். அச்சிட்டு வெட்டிய பிறகு தெரியவேண்டிய பிழை, அச்சிடும் முன்பே பிடிபடுகிறது. 2004-இல் வந்த ஸீடெக் (XeTeX) என்ற டெக் வடிவம் தமிழையும் ஒழுங்காகக் கோக்கிறது. டெக்கின் பிழைச் செய்திகள் புதியவரை மிரட்டும் என்பது உண்மை. டெக்குக்குள் படம் வரைய உதவும் டிக்ஸ் (TikZ) தொகுப்பால் அறுகோணமும் வரையலாம். போஸ்ட்ஸ்கிரிப்டில் ஒரு வரியில் முடிவதற்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு எதற்கு?

நீடித்திருப்பதிலும் டெக் முந்துகிறது. அதை உருவாக்கிய டொனால்ட் நூத் அதன் அம்சங்களை உறையவைத்துவிட்டார். பதிப்பு எண் மட்டும் பை (π) என்ற கணித மதிப்பை நோக்கி நகர்கிறது, 2021-இல் 3.141592653. போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி மாறவில்லை என்றாலும் துணைகள் குறைகின்றன. மேக்கின் பிரிவியூ செயலி 2022-இல் வந்த வென்ச்சுரா என்ற மேக் இயங்குதளப் பதிப்பு முதல் அதைத் திறப்பதில்லை. போஸ்ட்ஸ்கிரிப்டைப் படித்துக் காட்டும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் (Ghostscript) செயலி இருக்கும்வரை கவலையில்லை; பிடிஎஃப் ஆக மாற்றி ஒரு பிரதியும் வைத்துக்கொள்ளுங்கள்.

வளைந்த பாதைகள் கொண்ட பலகை வரைவதானால் மெட்டாபோஸ்ட் (MetaPost) என்ற படம் வரையும் மொழி தனி இன்பம்: சமன்பாட்டைக் கொடுத்தால் புள்ளியை அதுவே கண்டுபிடிக்கும்.

எதில் எழுதினாலும் அச்சில் ஒரே சோதனைதான். தாளின் ஓரத்தில் 100 மில்லிமீட்டர் கோடு ஒன்று போட்டு, அளவுகோலை வைத்துப் பாருங்கள். ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தெரிவு எந்தக் கணக்கையும் கெடுத்துவிடும். 63க்கு 88 மில்லிமீட்டர் சீட்டுகள் ஏ4 தாளில் ஒன்பது அடங்கும். தாளை அதன் நீண்ட ஓரத்தைப் பற்றிப் புத்தகப் பக்கம்போலப் புரட்டி இருபக்கமும் அச்சிட்டால், முன்பக்கத்தின் முதல் நெடுவரிசைக்குப் பின்னால் மூன்றாவது வரும். சுழலின் எண் 0, 1, 2 என்றால் பின்பக்கத்துக்கு 2-இலிருந்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்துக்கு ஓரக்கோடும் வேண்டாம். அச்சுப்பொறி சற்றே விலகினாலும் அந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். விளிம்பைத் தாண்டிப் பரவும் கோலவடிவம் என்றால் விலகல் கண்ணில் படாது.