முன்கூட்டியே சரிபார்ப்பதா, வெளிவந்தபின் தட்டிக்கேட்பதா? ஊடகத்துக்கு ஊடகம் மாறும் விளம்பர விதிகள்

அமெரிக்காவில் 1971 ஜனவரி 2 முதல் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் சிகரெட் விளம்பரம் தடை செய்யப்பட்டது. ஆனால் அதே சிகரெட்டின் முழுப்பக்க வண்ண விளம்பரங்கள் பத்திரிகைகளில் தொடர்ந்து வந்தன. நிறுவனங்களின் பணமும் கணிசமாக அச்சுப் பக்கம் திரும்பியது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் தொலைக்காட்சிக்கான தடை 1989இல் வந்துவிட, பத்திரிகை, வானொலி, இணையம் ஆகியவற்றுக்கான தடை 2003இல்தான் வந்தது. பொருளும் அதன் தீங்கும் மாறவில்லை, ஊடகம் மட்டுமே வேறு.

ஒலிபரப்பு அலைவரிசை பொதுச்சொத்து என்பதாலும், அது அழைக்காமலே வீட்டுக்குள் வந்து குழந்தையின் முன்னும் பேசும் என்பதாலும், தொலைக்காட்சிக்கு முன்தணிக்கை பொருந்துகிறது. பிரிட்டனில் கிளியர்காஸ்ட் என்ற அமைப்பு, விளம்பரம் திரைக்கு வருமுன்பே அதன் வாசகங்களையும் கூற்றுகளுக்கான சான்றுகளையும் பார்த்துவிடுகிறது. அச்சில் பொதுவாகப் புகார் வந்த பிறகுதான் விசாரணை. தீர்ப்பு வெளியாகும்போது பொய்யான மருந்து விளம்பரம் தன் விற்பனையை முடித்திருக்கும். ஆயினும் அச்சுக்கு ஒரு பலம் உண்டு: எல்லார் கையிலும் இருப்பது ஒரே பக்கம், அதைக் கத்தரித்துப் புகாருடன் இணைத்துவிடலாம்.

தெருவோரப் பலகைகளுக்கான விதிகள் பெரும்பாலும் இடத்தையும் அளவையும் பற்றியவை. பிரேசிலின் சாவ் பாவுலோ நகரம் 2007இல் விளம்பரப் பலகைகளை மொத்தமாகவே அகற்றச் செய்தது.

இணையத்தில்தான் இந்த முறைகள் எல்லாமே தடுமாறுகின்றன. ஒருவருக்குக் காட்டப்படும் விளம்பரம் பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கு வருவதில்லை. அடுத்த நொடி அது மறைந்துவிட்டால் புகாருடன் இணைக்க எதுவும் மிஞ்சாது. பணம் பெற்றுப் பரிந்துரைக்கும் காணொளியிலும், அதைச் சொல்லும் வரி 'மேலும்' என்பதைத் தொட்டால் மட்டுமே விரியும் குறிப்பின் கடைசியில் கிடக்கிறது. இவ்வளவு பெருந்திரளை முன்கூட்டிச் சரிபார்ப்பது நடைமுறையில் இயலாது என்பதால், ஐரோப்பா 2022இல் இயற்றிய டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் வழியையே நான் மேலானதாகக் கருதுகிறேன். மாதம் 4.5 கோடிப் பயனர்களை எட்டும் தளங்கள், யார் பணம் கொடுத்தார், யாரைக் குறிவைத்தார் என்ற விவரத்தோடு ஒவ்வொரு விளம்பரத்தையும், அது கடைசியாகக் காட்டப்பட்ட நாளிலிருந்து ஓராண்டு வரை, எவரும் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும். அச்சுப் பக்கத்துக்கு இருந்த அந்தப் பலத்தை இது இணையத்துக்கும் தருகிறது. மருந்துக்கும் கடனுக்குமான விளம்பரங்களிலாவது சிறிய தளங்களையும் இக்கடமைக்குள் கொண்டுவர வேண்டும்.