புல்வெளி, சதுப்பு, மழைக்காடு: பறவை பார்க்க உகாண்டாவா, கென்யாவா?

கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் பறவை பார்க்கப் போக வேண்டும் என்று காசு சேர்த்து வைத்திருக்கிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது இந்தக் கேள்வியில்தான். இரண்டு வார விடுமுறை, வழிகாட்டியோடு போகும் சஃபாரி, அதில் புல்வெளி, சதுப்பு நிலம், வெப்பமண்டலக் காடு மூன்றும் வேண்டும். எந்த நாடு?

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் முடிவு கிடைக்காது. கென்யாவில் சுமார் 1,100 பறவை இனங்கள், உகாண்டாவில் 1,060க்கு மேல். ஆனால் கென்யாவின் பரப்பு ஏறக்குறைய 5.8 லட்சம் சதுர கிலோமீட்டர், உகாண்டாவுடையது 2.4 லட்சம்தான். அதாவது தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்குகூட இல்லாத நாட்டில் கிட்டத்தட்ட அதே அளவு பறவைகள். பயணத் திட்டம் போடும்போது இந்த நெருக்கம்தான் பெரிய லாபம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று நிலங்களும் ஒரே பயணத்தில் வேண்டும் என்றால் உகாண்டா. புல்வெளியும் ஏரிகளும் போதும், காடு கொஞ்சம் இருந்தால் சரி என்றால் கென்யா. இரண்டுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்வது காடு.

புல்வெளியில் கென்யாவை மிஞ்ச உகாண்டாவால் முடியாது. மசாய் மாரா மட்டும் 1,510 சதுர கிலோமீட்டர். சஃபாரி வண்டியின் கூரையைத் தூக்கிவிட்டு நின்றபடி பார்க்கலாம். புல்லுக்குள் நீளக் கால்களோடு பாம்பு தேடி நடக்கும் செக்ரட்டரி பறவை, இறந்த விலங்கைச் சுற்றி ஒரே இடத்தில் கூடும் பலவகைப் பாறுகள், நம் பனங்காடையின் உறவான ஊதா மார்புப் பனங்காடை என்று கண்ணுக்கு எதிரிலேயே எல்லாம் கிடைக்கும். வடக்கே சம்புரு போனால் நிலம் வறண்டு, பறவைகளும் மாறிவிடும்: கழுகுத் தலையும் கருநீல மார்புமாக மேயும் கினிக்கோழிக் கூட்டம், கழுத்திலும் காலிலும் நீலச் சாயல் கொண்ட சோமாலி தீக்கோழி. 1986 நவம்பரில் கென்யாவில் மூன்று பேர் கொண்ட ஒரு குழு ஒரே நாளில் 342 இனங்களைப் பார்த்தது. பல வகை நிலங்கள் விமானம் ஏறினால் எட்டிவிடும் தூரத்தில் இருப்பதால்தான் அது முடிந்தது.

உகாண்டாவின் புல்வெளிகளும் ஏழையல்ல. மர்ச்சிசன் அருவி தேசியப் பூங்காவில் நைல் கரை மண்சுவரில் செந்தொண்டைப் பஞ்சுருட்டான்கள் வரிசையாகப் பொந்து போட்டிருக்கும். படகில் போனால் அவை பொந்துக்குள் போவதையும் வருவதையும் பக்கத்திலேயே பார்க்கலாம். குயின் எலிசபெத் பூங்காவில் 600க்கு மேற்பட்ட இனங்கள் பதிவாகியுள்ளன. ஆனால் அந்தக் கணக்கில் காடும், ஜார்ஜ் ஏரியையும் எட்வர்ட் ஏரியையும் இணைக்கும் கஸிங்கா கால்வாயும் சேர்த்தி. புல்வெளியை மட்டும் தனியாக வைத்துப் பார்த்தால் மாராவின் விரிவு இங்கே இல்லை.

சதுப்பு நிலத்துக்கு வந்தால் ஒப்பீடு கொஞ்சம் சிக்கலாகிறது, ஏனென்றால் இரண்டு நாடுகளும் வேறு வேறு விஷயங்களைத் தருகின்றன. கென்யாவின் பிளவுப் பள்ளத்தாக்கு ஏரிகள் பூநாரைகளுக்குப் பேர் போனவை. பழைய படங்களைப் பார்த்துவிட்டு நகுரு ஏரி முழுக்க இளஞ்சிவப்பாக இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். சிறிய பூநாரை தின்பது உவர்நீரில் வளரும் ஸ்பைருலினா வகை நுண்பாசி. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நகுருவில் நீர்மட்டம் உயர்ந்து, நீரின் உவர்த்தன்மை நீர்த்து, அந்தப் பாசி குறைந்தது. பறவைகள் பொகோரியா ஏரிப் பக்கம் போயின. நல்ல வழிகாட்டி நகுருவைத் திட்டத்தில் எழுதி வைத்துக்கொண்டு உட்காரமாட்டார். பூநாரை இப்போது எந்த ஏரியில் என்று விசாரித்து, அதற்கேற்ப வண்டியைத் திருப்புவார். பக்கத்திலேயே பரிங்கோ ஏரி, நன்னீர். அங்குள்ள உள்ளூர் வழிகாட்டிகள் பகல் வெளிச்சத்தில் முள்மரத்துக்குள் தூங்கும் ஆந்தையையும், சருகோடு சருகாகக் கிடக்கும் பக்கிப் பறவையையும் காட்டும்போது, இத்தனை நேரம் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தோமா என்று தோன்றும்.

உகாண்டாவின் பதில் ஒரே ஒரு பறவை: ஷூபில். நாலடி உயரத்துக்குச் சாம்பல் நிறத்தில் நிற்கும் இந்தப் பறவை உலகத்தில் மொத்தமே சில ஆயிரங்கள்தான். கென்யாவில் இதை எதிர்பார்த்துப் போக முடியாது. உகாண்டாவிலோ என்டெபே விமான நிலையத்தில் இறங்கி மறுநாள் காலையே தேடப் போகலாம். விக்டோரியா ஏரியின் ஓரத்திலுள்ள மபாம்பா சதுப்பு 2006 முதல், உலக முக்கியத்துவம் கொண்ட சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் இருக்கிறது. மீனவரின் மரப்படகில், இரண்டு பக்கமும் பப்பிரஸ் கோரை உரசும் குறுகலான நீர்வழியில் போக வேண்டும். துடுப்பால் தள்ளித்தான் போவார்கள். அல்லி இலைகள் மேல் இலைக்கோழிகள் ஓடும். பிறகு படகு நிற்கும், வழிகாட்டி கையால் காட்டுவார். கோரைக்கு நடுவே அந்தப் பறவை அசையாமல் நிற்கும், தடித்த அலகு மார்பில் படிந்திருக்கும். அரைமணி நேரம்கூட அப்படியே நிற்கலாம். திடீரென்று முழு உடம்போடு தண்ணீருக்குள் விழும், எழும்போது வாய் நிறையக் களையோடு நுரையீரல் மீன் ஒன்று துடிக்கும். ஒருகாலத்தில் இதைக் கண்டால் அன்று மீன் படாது என்று சொல்லி மீனவர்கள் வெறுத்த பறவை. இன்று அதே கிராமத்துக்காரர்கள் அதைக் காட்டிச் சம்பாதிக்கிறார்கள், அதனால் காக்கவும் செய்கிறார்கள். இந்த ஒரு காலைக்காகவே உகாண்டா போகலாம் என்பேன்.

இனி காடு. கென்யாவில் இரண்டு நல்ல காடுகள் உண்டு, பிரச்சினை அவை இருக்கும் இடம். மேற்குக் கோடியில் ககமெகா: காங்கோப் படுகை மழைக்காட்டின் கிழக்கு விளிம்பில் மிஞ்சிய துண்டு. கிழக்குக் கோடியில் இந்தியப் பெருங்கடலோரம் அரபுகோ சொகோகே: சுமார் 420 சதுர கிலோமீட்டர். சொகோகே குட்டி ஆந்தை, இந்தக் காட்டையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் தான்சானியாவில் உசம்பரா மலையடிவாரத்தையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் அளவு. உள்ளூர் வழிகாட்டி முந்தின நாளே அது தங்குமிடம் பார்த்து வைத்திருந்தால்தான் உண்டு. இரண்டு காடுகளும் அருமை. ஆனால் இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க நாட்டை முழுக்கக் குறுக்கே கடக்க வேண்டும். உள்நாட்டு விமானம் எடுக்க முடியாதவர்கள் ஏதாவது ஒன்றை விட்டுவிட வேண்டியதுதான்.

உகாண்டாவில் காடுகள் மேற்கு எல்லையோடு ஒன்றன்பின் ஒன்றாக, புல்வெளிப் பூங்காக்களுக்கு இடையிடையே கிடக்கின்றன. மர்ச்சிசனுக்குத் தெற்கே புடோங்கோ. அங்கே ராயல் மைல் என்று பெயர் பெற்ற அகலமான பாதையில் காலையில் நடந்தால், தண்ணீருக்குப் பக்கமே போகாத காட்டு மீன்கொத்திகள் கிளையில் உட்கார்ந்திருக்கும். பிறகு கிபாலே. நம் ஆறுமணிக் குருவியின் உறவான பச்சை மார்புப் பிட்டா இங்கே உண்டு. அது குரல் கொடுப்பது விடியலில், அதனால் இருட்டிலேயே காட்டுக்குள் போய் நிற்க வேண்டும். கிபாலேவை ஒட்டியே பிகோடி சதுப்பு, ஊர்மக்களே நடத்துவது. பெரிய நீல டுராகோ அங்கே சாதாரணமாகக் கிடைக்கும். அப்புறம் தெற்கே பவிண்டி. மேற்கு எல்லையோரத்து அல்பர்ட்டைன் பிளவுப் பள்ளத்தாக்குப் பகுதிக்கே உரிய பறவைகள் அங்கு இருபதுக்கு மேல். அவற்றில் பலரும் தேடுவது பச்சை அகலவாயன். பவிண்டியில் ருஹிஜா என்ற இடத்திலிருந்து முபிண்டி சதுப்பு வரை செங்குத்தாக இறங்கி, பார்த்துவிட்டு, அதே வழியில் ஏற வேண்டும். ருஹிஜா 2,000 மீட்டருக்கு மேல் இருப்பதால் மூச்சு வாங்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் இதை யோசித்துச் சேர்க்க வேண்டும்.

காட்டில் பறவை பார்ப்பது மாராவில் பார்ப்பதைப் போல அல்ல. ஒரு மணி நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு பல இனங்கள் கலந்த கூட்டம் ஒன்று தலைக்கு மேல் வந்து ஐந்து நிமிடத்தில் கடந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்தில் குரலை வைத்தே பெயர் சொல்லி, எந்தக் கிளை என்று காட்டத் தெரிந்த வழிகாட்டி இல்லையென்றால் நமக்குக் கிடைப்பது கழுத்து வலி மட்டும்தான். அதனால் நிறுவனத்திடம் விலை கேட்கும் முன் ஒன்று கேளுங்கள்: வருகிறவர் சிங்கம், யானை காட்டும் டிரைவர் கைடா, பறவைக் குரல் தெரிந்தவரா? அதோடு ஒவ்வொரு காட்டிலும் அந்த ஊர் வழிகாட்டியைத் தனியாக வைப்பார்களா? இரண்டாவதற்குத் தயங்குகிற நிறுவனத்தை விட்டுவிடலாம்.

கென்யாவைத் தேர்ந்தெடுக்க வலுவான காரணமும் உண்டு: உடன் வருகிறவர்கள். மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைகளுக்கோ பறவையில் ஆர்வமில்லை என்றால், அவர்களை ஐந்து மணிக்கு எழுப்பிக் கிபாலே சேற்றில் நடக்க வைப்பது நியாயமில்லை. கென்யாவில் வண்டியை விட்டு இறங்காமலே எல்லோருக்கும் ஏதாவது கிடைக்கும். படம் எடுப்பவர்களுக்கும் வெளிச்சம் நிறைந்த அந்தத் திறந்தவெளிதான் நல்லது.

செலவில் மாராவின் நுழைவுக் கட்டணத்தைக் கவனியுங்கள். வெளிநாட்டவருக்கு ஒரு நாளைக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200. உகாண்டாவில் பூங்காக் கட்டணம் இதைவிடக் குறைவு. ஆனால் பவிண்டி வரை போய்விட்டு கொரில்லாவையும் பார்க்க ஆசைப்பட்டால் அந்த அனுமதி மட்டும் 800 டாலர். பறவைக்காக மட்டும் போகிறவர்கள் அதை வாங்க வேண்டியதில்லை. இரண்டு நாட்டிலும் மார்ச் முதல் மே வரை பெருமழை. உகாண்டாவின் மண்பாதைகளுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி, இல்லாவிட்டால் ஜூன் முதல் ஆகஸ்ட் ஏற்றது. முதல் பருவத்தில் ஐரோப்பாவிலிருந்து வலசை வந்த பறவைகளும் சேர்ந்து கிடைக்கும்.

மூன்று வாரமும் பணமும் இருந்தால் இரண்டையும் சேர்த்துவிடலாம். கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் செல்லும் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா 100 டாலர், 90 நாள் செல்லும். எந்த நாடானாலும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டுவிடுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் இங்கே இறங்கியதும் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள்.