வாக்குத்தத்தக் காலண்டர்: எழுத்து பெரிசு, வசனம் பாதி

பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் 150 ரூபாய்க்கு வாங்கிய தினசரி வாக்குத்தத்தக் காலண்டர் இது; நாளுக்கு ஒரு தாள், தாளுக்கு ஒரு வேதாகம வசனம், கடவுள் தரும் வாக்குறுதியாக. தயாரிப்பில் குறை இல்லை. தாள் கனம், மேலே தகரப் பட்டி நல்ல உறுதி, கிழித்தால் நேராகக் கிழிகிறது. என் மாமியார் கண்ணாடி போடாமலே வாசித்துவிடுகிறார்கள்.

வசனங்களைத் தேர்ந்தெடுத்தவர்தான் கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். 'உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்' என்று உபாகமம் 28 வருகிறது. 'கட்டளைகளுக்குச் செவிகொடுத்தால்' என்ற முன்பகுதி காணோம். தானியேல் 3-இல், ராஜாவின் சிலையை வணங்க மறுத்த மூன்று வாலிபர் சொல்லும், தேவன் அக்கினிச் சூளையிலிருந்து தப்புவிக்க வல்லவர் என்பது இருக்கிறது, அடுத்த வசனத்தின் 'விடுவிக்காமற்போனாலும்' இல்லை. அந்த மூன்று வாலிபருடைய விசுவாசமே அந்த ஒரு வார்த்தையில்தானே நிற்கிறது!

இருப்பதிலேயே மோசம் எரேமியா 29:11. 'சமாதானத்துக்கேதுவான நினைவுகள்' என்று ரோஜாப்பூ படத்தோடு ஜனவரி முதல் தாளிலேயே போட்டிருக்கிறார்கள். அது கி.மு. 597-இல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்பிய கடிதம். முந்தின வசனம் எழுபது வருஷம் கழித்துத்தான் திரும்புவீர்கள் என்கிறது. அதாவது, வாசித்துக் கேட்ட பெரியவர்கள் பலர் ஊர் திரும்பப்போவதில்லை. அதனால்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த ஊரின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று எழுதுகிறார். சிறைபிடித்தவன் ஊருக்காக! பாபிலோனும் கர்த்தருடைய கைக்குள்தான் இருக்கிறது என்று நம்பாதவரால் அப்படி எழுத முடியுமா? முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி, பாபிலோனுக்குப் பணிவதன் அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தையே உடைத்துப் போடுகிறார். இந்தக் காலண்டரை அவரிடம் கொடுத்திருந்தாலும் இப்படித்தான் தொகுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

நல்லதும் இருக்கிறது. ஆபகூக்கின் 'அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்' என்பது 'கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்' வரை முழுசாக, இரண்டு வசனமும் சேர்த்து வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைத் தாள்களின் அடியில் எண்ணாகமம் 6-இன் ஆசீர்வாதம் சிவப்பில். அதை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் கிழித்துப் போடுவதில்லை.

வாங்கலாமா என்றால், வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு எழுத்துக்காகவே வாங்கலாம். வசனத்தின் எண் தாளின் மூலையில் பொடியாக இருக்கும், அதைப் பார்த்து வேதாகமத்தில் முன்னும் பின்னும் வாசித்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் நெருங்கினால் பெரிய சைஸ் தீர்ந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னார்.