திருகோணமலையில் பூச்சி மருந்து: ஒரு சரக்குக் கடையும் ஒரு சூரணப் பொதியும்

திருகோணமலை மத்திய வீதிப் பக்கமாக உள்ள பழைய மருந்துச் சரக்குக் கடை ஒன்றையும், அங்கே வயிற்றுப்பூச்சிக்கென்று விற்கப்படும் பொருட்களையும் பற்றிய மதிப்பீடு இது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைக்காரரின் சேவை பாராட்டத்தக்கது. அவர் தனித்தனியாக நிறுத்துத் தரும் சரக்குகளில் பெரும்பாலானவை சுத்தமானவை. ஆனால் அதே கடையின் கண்ணாடி அலுமாரியில் அடுக்கியிருக்கும், “சகல பூச்சிகளுக்கும்” என்று அச்சிட்ட ஆயத்தச் சூரணத்தை எவரும் வாங்கக்கூடாது என்பதே என் கருத்து. கடையின் பெயரையும் சூரணத்தின் பெயரையும் எழுதாமல் விடுகிறேன், ஏனென்றால் இதே வகைப் பொதிகள் வெவ்வேறு பெயர்களில் நகரின் வேறு கடைகளிலும் தொங்குகின்றன.

எங்கள் பக்கத்தில் பூச்சி மருந்துக்கு எப்போதும் தேவை உண்டு. பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியதும் பிள்ளைகளுக்குப் பேதி கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. தம்பலகாமத்திலோ மூதூரிலோ ஈர மண்ணில் வெறுங்காலோடு வேலை செய்பவரின் பாதத் தோலைத் துளைத்துக் கொளுக்கிப்புழுவின் குடம்பி, அதாவது இளம்புழு, உள்ளே போகலாம். கழுவாத கையாலும் கீரையாலும் வட்டப்புழுவின் முட்டை வாய்க்குப் போகலாம். ஒரு பிள்ளைக்கு வந்த கீரிப்பூச்சி ஒரே பாயில் படுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பரவலாம். மண்வழி பரவும் குடற்புழுக்கள் உலகில் ஏறத்தாழ 150 கோடி மக்களிடம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இந்தப் பூச்சிகள் ஒவ்வொன்றும் வேறு இடத்தில் வாழ்ந்து, வேறு வழியில் பரவி, வேறு விதமாகத் தீங்கு செய்கின்றன. ஆகவே எந்தப் பூச்சி மருந்தைக் கையில் எடுத்தாலும், இது எந்தப் பூச்சிக்கு என்று கேட்காமல் அதன் தரத்தைப் பேச முடியாது. இந்த மதிப்பீடு முழுவதும் அந்த ஒரு கேள்வியை வைத்தே எழுதப்படுகிறது.

முதலில் கடை. வாசலில் சாக்குகளில் மல்லியும் வெந்தயமும்; உள்ளே போனால் சுவர் முழுவதும் சிறிய மர இழுப்பறைகள், ஒவ்வொன்றின் முகப்பிலும் சரக்கின் பெயர் கையெழுத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. வயிற்றுப்பூச்சிக்கென்று மரபில் வழங்கும் வாய்விடங்கம் என்னும் உலர்ந்த பழமணியைக் கேட்டேன். கடைக்காரர் இழுப்பறையைத் திறந்து ஒரு பிடி எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பினார். மிளகைவிடச் சற்றுச் சிறிய, செம்மை கலந்த பழுப்பு நிற மணிகள். மேலே நுண்ணிய கோடுகள். சிலவற்றில் குட்டையான காம்பு இன்னும் ஒட்டியிருந்தது. ஒரு மணியை நகத்தால் உடைத்து உள்ளிருக்கும் ஒற்றை விதையையும் காட்டினார். இப்படிக் காட்டுவது வெறும் உபசாரம் அல்ல. வாய்விடங்கத்துக்குப் பதிலாக அதைப் போலவே தோன்றும் வேறு காட்டுப் பழங்களைக் கலந்து விற்பது தெற்காசியச் சந்தைகளில் நெடுங்காலமாக நடந்துவருவது. தூளாக இடித்துவிட்டால் வாங்குபவர் கண்டுபிடிக்கவே முடியாது. முழு மணியாக, வெளிச்சத்தில், தாளில் பரப்பிக் காட்டி விற்பவரிடம் வாங்குவதே பாதுகாப்பு. தூசும் குச்சியும் குறைவாக இருந்தன; பூஞ்சண வாடை இல்லை. ஈரக் காற்று ஓயாத கடற்கரை நகரத்தில் இது எளிதாகச் சாதிக்கக்கூடியது அல்ல.

இந்தக் கடையை நான் மதிப்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. எனக்கு முன் நின்ற பெண் ஒருவர் வேப்பெண்ணெய் கேட்டபோது கடைக்காரர் போத்தலை எடுக்கவில்லை. “கைக்குழந்தைக்குக் குடிக்கக் குடுக்கவோ அம்மா? அதுக்கெண்டால் நான் தரமாட்டன். பூசுறதுக்கெண்டால் கொண்டு போங்கோ” என்றார். அந்தப் பெண் பூச்சிக்குத்தான் என்று தயங்கிச் சொல்ல, குழந்தையை வைத்தியரிடம் காட்டும்படி அனுப்பிவிட்டார். விற்பனையை இழந்தாலும் அவர் செய்தது மிகச் சரியானது. வேப்பெண்ணெய் உள்ளுக்குக் கொடுக்கப்பட்ட சிறு குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு, ஈரல் பாதிப்பு ஆகியவை ஏற்பட்டதை மலேசிய வைத்தியர்கள் 1981 ஆம் ஆண்டிலேயே மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்கள், உயிரிழப்புகளும் நேர்ந்திருக்கின்றன. நம் பாட்டிமார் சங்கில் ஊற்றிய மருந்து என்பதால் அது குழந்தைக்குப் பொருந்தும் என்று எண்ணுவோர் இன்றும் பலர். அவர்களை ஒரு கடைக்காரர் மறித்து நிறுத்துவது உயிர் காக்கும் செயல்.

அதே கவனத்தைக் குப்பைமேனி விடயத்திலும் எதிர்பார்த்தேன். அங்கே கடை குறைப்பட்டது. உலர்ந்த குப்பைமேனியைப் பூச்சிக்கு நல்லது என்று சொல்லித் தருகிறார்கள். எச்சரிக்கை எதுவும் இல்லை. சித்த மருத்துவத்தில் அதற்கு நெடிய பயன்பாடு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஜி-6-பி-டி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள் குப்பைமேனியை உட்கொண்டால் செங்குருதிக் கலங்கள் திடீரென உடைந்து, சிறுநீர் கறுத்து, கண் மஞ்சளாகி, உயிருக்கே ஆபத்தாகலாம். இலங்கை வைத்தியர்களே 1990களில் இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இந்தக் குறைபாடு தமக்கு இருப்பது பெரும்பாலானோருக்குத் தெரியாது. இழுப்பறையில் ஒட்டியிருக்கும் பெயருக்குக் கீழே ஒரு வரி எழுதி வைத்தால் போதும். கடைக்காரரிடம் இதைச் சொன்னேன், கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

இனி அந்த ஆயத்தச் சூரணம். பச்சை நிறப் பொதி, முன்புறத்தில் வேப்பிலைப் படம். பின்புறத்தில் வட்டப்புழு, கொளுக்கிப்புழு, கீரிப்பூச்சி, நாடாப்புழு, அமீபா, “தோலில் ஊரும் பூச்சி” ஆகிய அனைத்தும் 7 நாளில் வேரோடு போய்விடும் என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே பசியின்மை, பல்லுக் கடித்தல், முகத்தில் வெள்ளைத் தேமல் என்று நீண்ட பட்டியல். உள்ளடக்கம் என்ற இடத்தில் “அரிய மூலிகைகள்” என்பதைத் தவிர எதுவும் இல்லை. எத்தனை வயதுக்கு எவ்வளவு, கர்ப்பிணிகள் எடுக்கலாமா, தயாரித்த திகதி எது, ஆயுர்வேதத் திணைக்களப் பதிவு உண்டா, எதுவும் இல்லை. பொதியைப் பிரித்தால் மஞ்சளும் இலுப்பைப் புண்ணாக்கும் கலந்தது போன்ற வாடை. தூள் நாக்கில் கடுங்கசப்பு.

இந்த உறுதிமொழியை ஒவ்வொரு பூச்சியாக எடுத்துப் பார்த்தாலே அது நிற்காது. அமீபா ஒற்றைக் கலத்தாலான உயிரி; புழுக்களைக் கொல்லும் மருந்துகள் பொதுவாக அதைத் தொடுவதில்லை, அதற்கு மெட்ரோனிடசோல் போன்ற வேறு மருந்து வேண்டும். தோலில் ஊரும் பூச்சியோ குடலில் இல்லவே இல்லை. உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை மணலில் நாய்கள் கழித்த இடத்தில் வெறுங்காலோடு நடந்தால், நாயின் கொளுக்கிப்புழுக் குடம்பி மனிதத் தோலுக்குள் புகுந்து, மேலும் போக வழியில்லாமல் தோலடியிலேயே வளைந்து வளைந்து சிவந்த கோடிட்டுக்கொண்டு ஊரும். கடும் அரிப்புத் தரும். வைத்தியர் அதற்கு ஐவர்மெக்டின் அல்லது அல்பெண்டசோல் தருவார். கீரிப்பூச்சியின் பெண்புழு இரவில் மலவாசலுக்கு வெளியே வந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. அந்த முட்டைகள் நகக்கண்ணிலும் படுக்கை விரிப்பிலும் 2 முதல் 3 வாரம்வரை பிழைத்திருக்கும். எனவே எந்த மருந்தாக இருந்தாலும் 7 நாளில் “வேரோடு” போவது என்பது நடவாத காரியம். வீட்டார் எல்லோரும் ஒரே நாளில் மருந்தெடுத்து, 2 வாரம் கழித்து மறுபடியும் எடுத்து, நகம் வெட்டி, விரிப்புகளைச் சுடுநீரில் துவைத்தால்தான் அது ஓயும்.

உள்ளடக்கத்தை எழுதாமல் விடுவது எனக்கு இன்னும் பெரிய கவலை. பூச்சிக்கென்று மரபில் வழங்கிவந்த மூலிகைகளில் ஆடுதின்னாப்பாளையும் ஒன்று. அந்தக் குடும்பத்துச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைப்பதும் புற்றுநோய் உண்டாக்குவதும் ஐயமின்றி நிறுவப்பட்டவை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் எடையைக் குறைக்கவென்று கொடுத்த மூலிகைக் குளிகைகளில் அது தவறுதலாகச் சேர்ந்ததால் பலருடைய சிறுநீரகங்கள் செயலிழந்தன. பச்சைப் பொதியில் அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் உரிமையை வாங்குபவரிடமிருந்து அந்தப் பொதி பறித்துவிட்டது என்பதே என் குற்றச்சாட்டு. வாய்விடங்கமும் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டிய சரக்கு. அதிலுள்ள எம்பெலின் என்னும் பொருள் கருத்தரிப்பைப் பாதிப்பதை விலங்காய்வுகள் காட்டியிருக்கின்றன. பெயர் எழுதாத பொதியை வாங்கும் கர்ப்பிணிக்கு இது எப்படித் தெரியும்?

மூலிகை பூச்சியைக் கொல்லாது என்று வாதிடுவோருடனும் எனக்கு உடன்பாடில்லை. 1916 இல் ரொக்பெல்லர் மன்றம் என்னும் அமெரிக்க அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொளுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கிய காலத்தில் பயன்பட்ட மருந்துகளில் கீனோப்போடியம் என்னும் செடியின் எண்ணெயும் ஒன்று. அது புழுவைக் கொன்றது. ஆனால் புழுவைக் கொல்லும் அளவுக்கும் மனிதருக்கு நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது என்பதால் பின்னர் கைவிடப்பட்டது. மாதுளை வேர்ப்பட்டை நாடாப்புழுவுக்குக் கொடுக்கப்பட்டுவந்தது. நம் வெற்றிலைத் தட்டில் இருக்கும் பாக்கிலுள்ள அரிக்கோலின் என்னும் பொருள் நாய்களின் நாடாப்புழுவை வெளியேற்றப் பயன்பட்டிருக்கிறது. நைஜீரியாவில் 60 சிறுவர்களைக் கொண்டு நடத்தி 2007 இல் வெளியிட்ட ஆய்வில், உலர்த்திய பப்பாசி விதையைத் தேனில் கலந்து கொடுத்த பிள்ளைகளில் நூற்றுக்கு 76 பேருக்கு மேல் மலத்தில் ஒட்டுண்ணி நீங்கியது. தேன் மட்டும் கொடுத்தவர்களில் அது 17க்கும் குறைவு. சிறிய ஆய்வுதான், ஆனாலும் முறையாகச் செய்தது. மாசிபத்திரி இனத்துச் சீனச் செடி ஒன்றிலிருந்து ஆர்ட்டிமிசினினைப் பிரித்தெடுத்த சீன விஞ்ஞானி தூ யூயூ மலேரியா மருந்துக்காக 2015 இல் நோபல் பரிசு பெற்றார். இவை எல்லாவற்றிலும் செடியின் பெயர் தெரியும், அளவு தெரியும், எதிரி எது என்றும் தெரியும். பச்சைப் பொதியில் இந்த மூன்றும் இல்லை.

பாமசியில் கிடைக்கும் குளிசையோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். மெபெண்டசோல் 500 மில்லிகிராம் அல்லது அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே வேளையாக எடுப்பது வட்டப்புழுவுக்கு மிக நன்றாக வேலை செய்கிறது. கொளுக்கிப்புழுவுக்கு ஒரு வேளையில் அல்பெண்டசோலே கூடுதல் பலன் தருகிறது. சாட்டைப்புழு என்னும் இன்னொரு குடற்புழுவுக்கு இரண்டுமே ஒரு வேளையில் போதுமான பலன் தருவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு வைத்தியரைக் கேட்டே கொடுக்கவேண்டும். கர்ப்பிணிகள் முதல் 3 மாதம் தாண்டிய பின்பு, கிளினிக்கில் சொன்னபடி எடுக்கவேண்டும். அந்தச் சூரணப் பொதி ஒன்றின் விலைக்கு ஒரு குடும்பம் முழுவதற்கும் குளிசை வாங்கிவிடலாம். உடல் வெளுத்து, மூச்சு வாங்கி, களைப்போடு இருப்பவருக்குக் குளிசை மட்டும் போதாது. கொளுக்கிப்புழு குடற்சுவரில் பற்றி நாள்தோறும் இரத்தம் உறிஞ்சுவதால் வந்த இரத்தச்சோகைக்கு இரும்புச்சத்தும் வேண்டும், மலப் பரிசோதனையும் வேண்டும்.

சித்த முறையிலேயே மருந்தெடுக்க விரும்புவோருக்கு நம் ஊரில் வழியில்லாமல் இல்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது; பதிவு பெற்ற சித்த வைத்தியர்கள் மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் நாடி பார்த்து, வயதும் உடல்நிலையும் கேட்டு எழுதித் தரும் சரக்குப் பட்டியலோடு நான் சொன்ன கடைக்குப் போனால், பட்டியலில் உள்ளதை முழுச் சரக்காகக் காட்டி, சரியாக நிறுத்து, தனித்தனித் தாளில் மடித்துப் பெயர் எழுதித் தருவார்கள். அந்த வேலைக்கு நகரில் இதைவிட நல்ல கடையை நான் பார்த்ததில்லை. காலையில் போவது நல்லது. மாலையில் கூட்டம் கூடிவிட்டால் கேள்வி கேட்க இடமிருக்காது.

பச்சைப் பொதியைப் பற்றிக் கடைக்காரரிடமே நேராகப் பேசினேன். கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் தர மறுக்கும் நீங்கள், என்ன இருக்கிறதென்று உங்களுக்கே தெரியாத தூளை எப்படி விற்கிறீர்கள் என்று கேட்டேன். வெளியூரிலிருந்து வருவது, ஆட்கள் கேட்டு வாங்குகிறார்கள் என்றார். பிறகு சற்று யோசித்து, அடுத்த முறை கொண்டுவருபவரிடம் சரக்குப் பட்டியலைக் கேட்பதாகவும், தராவிட்டால் எடுக்கப்போவதில்லை என்றும் சொன்னார். பட்டியல் வந்தால் அதிலுள்ள ஒவ்வொரு சரக்கையும் பார்த்து, இந்த மதிப்பீட்டின் அந்தப் பகுதியை மறுபடி எழுதுவேன்.