உட்டா 12-ஆம் நம்பர் ரோடும் 25 அடி ஆர்.வி.யும்: ஒரு பழைய பஸ் டிரைவரின் மதிப்பெண்

பொள்ளாச்சி–வால்பாறை ரூட்டில் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன் நான். அந்த 40 கொண்டை ஊசி வளைவில் எது எதற்கு எங்கே ஒடிக்கணும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதனால், மகளும் மாப்பிள்ளையும் அக்டோபர் முதல் வாரம் ஆர்.வி., அதாவது தங்கிச் சமைத்துச் சாப்பிடும் வீட்டு வண்டி, எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் உட்டா மாநிலம் போகலாம் என்றபோது, எனக்கு அங்குள்ள பாறையைவிட வண்டியைப் பார்க்கிற ஆசைதான் அதிகம். இங்கே எழுதுவது ஒரே ஒரு நாளைப் பற்றி: பாங்விச் பக்கம் காலை ஏழரைக்குக் கிளம்பி, 12-ஆம் நம்பர் ரோட்டில் டோரி ஊர் வரை. சுமார் 200 கிலோமீட்டர். எங்களுக்குப் பத்து மணி நேரம் ஆனது.

முதலில் வண்டி. ஃபோர்டு ஈ-450 சேஸி மேல் கட்டின வீடு. பெட்ரோல் எஞ்சின், ஆட்டோமேட்டிக். உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உண்டு. அடியில் மூன்று தொட்டி: நல்ல தண்ணி, கழுவின தண்ணி, மூன்றாவது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அதைக் காலி பண்ணுவது மாப்பிள்ளையின் இலாகா. நான் அந்த நேரத்தில் டயரில் காத்து பார்க்கப் போய்விடுவேன்.

வாடகைக்குக் கொடுத்த கம்பெனியின் பேரை எழுதவில்லை. ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டிவிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தார்கள். முக்கியமான ஒன்றைச் சொல்லவே இல்லை. பின் சக்கரத்துக்குப் பின்னால் வண்டியின் உடம்பு அவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டிருக்கிறது. வலது பக்கம் ஒடித்தால் வால் இடது பக்கம் வீசும். பஸ் ஓட்டினவனுக்கு இது பால பாடம். கார் மட்டும் ஓட்டினவருக்கு எப்படித் தெரியும்? பெட்ரோல் பங்கில் தூணுக்கும் வாலுக்கும் நடுவில் நான் போட்ட சத்தத்தில் வேற்று ஆள் ரெண்டு பேர் ஓடி வந்தார்கள்.

அடுத்த குறை, மேல் அலமாரிகளின் கொக்கி. ரெட் கேன்யனில் சிவப்புப் பாறையைக் குடைந்து ரெண்டு சின்னக் குகை வழி வரும், ரொம்ப அழகு. ரெண்டாவதைத் தாண்டின கையோடு எவர்சில்வர் தட்டு ஆறும் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே வந்தன. என் சம்சாரம் துண்டைக் கிழித்துக் கைப்பிடிகளைக் கட்டினாள். கடைசி நாள் வரை அந்தக் கட்டுதான் பிடித்தது.

இனி ரோடு. எஸ்கலாண்டே ஊர் வரை சும்மா ஓட்டலாம். அதைத் தாண்டி 'ஹெட் ஆஃப் த ராக்ஸ்' என்று ஒரு திருப்பத்தில் நிறுத்துங்கள். கண்ணுக்கு எட்டின மட்டும் வெறும் பாறை, ஆறிப்போன கஞ்சியில் ஆடை சுருங்கின மாதிரி. அதற்குள் நம்ம ரோடு இறங்கி மறைவது மேலிருந்தே தெரியும். பேத்தி கேட்டாள்: "அப்புச்சி, இந்த ரோட்டை யாரு இதுக்குள்ள போட்டாங்க?" எனக்கும் அதே கேள்விதான்.

அந்த இறக்கத்தில் மாப்பிள்ளை பிரேக்கிலேயே கால் வைத்துக்கொண்டு வந்தார். லைனர் கருகும் வாசம் எனக்கு முன்னாடியே மூக்கில் வந்துவிடும்.

"மாப்ள, கியர்ல இறக்குங்க."

"ஆட்டோமேட்டிக் மாமா இது."

கியர் தண்டின் நுனியில் 'டோ ஹால்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. பாரம் இழுக்கத்தான் என்று நினைத்திருந்தார். அதை அமுக்கினால் இறக்கத்தில் வண்டி தானே சின்னக் கியருக்குப் போய் எஞ்சினே பிடித்துக்கொள்ளும். அமுக்கினார், எஞ்சின் உறுமியது, என் வலது கால் தரையை மிதிப்பதை நிறுத்தியது. ஆர்.வி. எடுக்கிறவர்கள் டிவியை எப்படிப் போடுவது என்று கற்பதற்கு முன் இந்தப் பொத்தானைக் கற்றுக்கொள்ளுங்கள்.

கால்ஃப் கிரீக்கில் 126 அடி அருவி உண்டு. போய் வர 6 மைல் நடை. என் முழங்கால் வேண்டாம் என்றது. அதைத் தாண்டி மேலே ஏறினால் 'ஹாக்பேக்'. பன்றி முதுகு என்றே பேர். ஒரு மேட்டின் உச்சியில் ரோடு, ரெண்டு பக்கமும் பள்ளம். வால்பாறையில் ஒரு பக்கம் பள்ளம் என்றால் மறு பக்கம் மலை இருக்கும், பயந்தால் மலைப் பக்கம் ஒட்டிக்கொள்ளலாம். இங்கே ஒட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை. பல இடத்தில் தடுப்புச் சுவரும் இல்லை. சம்சாரம் கண்ணை மூடிக்கொண்டு கந்தர் சஷ்டி கவசத்தைப் பாதியிலிருந்து ஆரம்பித்தாள். நானோ அந்த ரோட்டை அளந்து போட்டவனை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து போல்டர் ஊர். அமெரிக்காவில் கடைசியாகக் கோவேறு கழுதையில் தபால் வந்த ஊர் என்று பேர் பெற்றது. அங்கிருந்து மலைமேல் போகும் துண்டுக்கு 1985-ல்தான் தார் போட்டு முடித்தார்கள். அதற்கு எவ்வளவோ முன்னாலேயே வால்பாறைக்கு நம்ம பஸ் ஓடிக்கொண்டிருந்தது என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை.

உச்சி 9,600 அடி. நம்ம தொட்டபெட்டாவே 8,650 அடிதான். ஆஸ்பென் மரமெல்லாம் மஞ்சள், காத்து அடித்தால் இலை சில்லறை மாதிரி ஆடும். ரோட்டில் மாடு நிற்கும். ஹாரனுக்கு நகராது, அந்த விஷயத்தில் எந்த நாட்டு மாடும் ஒன்றுதான். லார்ப் ஹாலோ பார்வை முனையில் வண்டியை நிறுத்திச் சோறு வைத்தோம். அந்த உயரத்தில் தண்ணி சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் அரிசி வேக ரொம்ப நேரமாகும். குக்கர் எடுத்துப் போங்கள். எங்கள் விசில் சத்தம் கேட்டுப் பக்கத்துக் காரில் இருந்த பெரியவர் எழுந்தே விட்டார். எதிரே ஹென்றி மலைகளும், 100 மைல் நீளத்துக்கு மடங்கிக் கிடக்கும் வாட்டர்பாக்கெட் பாறையும். ரசம் சோறு சாப்பிட அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. இந்த ஒரு மணி நேரத்துக்காகவே ஆர்.வி. வாடகை தகும்.

ஒரு யோசனை: தெற்கிலிருந்து வடக்காகப் போங்கள். மலைமேல் நல்ல காட்சியெல்லாம் கிழக்கே, உங்கள் வலது கை பக்கம். ஒதுங்கி நிறுத்த எதிர் வண்டியைக் குறுக்கே வெட்ட வேண்டாம். பின்னால் நாலு கார் சேர்ந்தால் ஒதுங்கி வழி விடுங்கள், பெரிய வண்டிக்காரன் மரியாதை அது.

ரோட்டுக்கு 5-க்கு 5. வண்டிக்கு 3: கொக்கிக்கு ஒன்று, பெட்ரோலுக்கு ஒன்று குறைத்துக்கொண்டேன். கேலனுக்கு 9 மைல், அதாவது லிட்டருக்கு 4 கிலோமீட்டர்கூட இல்லை, அஞ்சு பேருக்கு!

டோரியில் முகாம் இடத்துக்குள் வண்டியை ரிவர்ஸில் விட மாப்பிள்ளை மூன்று தடவை பார்த்தார். பிறகு இறங்கி வந்து, "நீங்களே விடுங்க மாமா" என்றார். ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடியைச் சரி பண்ணினேன். இடது கை தானாகக் கியரைத் தேடிப் போய்க் கதவில் இடித்தது. பேத்தி கீழே நின்று "வரட்டும், வரட்டும்" என்றாள், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. ஒரே தடவையில் விட்டேன்.