உறிஞ்சி எடுப்பதா, வெட்டி எடுப்பதா? ஆண் மார்புச் சத்திரசிகிச்சை

மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் ரீசேர்ட்டைக் கழற்றாமலே தண்ணீரில் இறங்கும் பெடியன்கள் சிலருக்கு, அதன் காரணத்தை வீட்டில்கூடச் சொல்ல முடிவதில்லை. மார்பு பெண்களுக்குப் போல வளர்ந்திருக்கிறது. வைத்தியர்கள் கைனகோமாஸ்டியா என்பார்கள். ஃபோனில் தேடிவிட்டு அவர்கள் கேட்பது: கொழுப்பை உறிஞ்சும் லைபோசக்ஷன் நல்லதா, சுரப்பியை வெட்டி எடுப்பது நல்லதா?

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் இல்லை. மல்லாந்து படுத்து, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மார்பை இரு பக்கமும் பிடித்து, காம்பை நோக்கி மெதுவாக நகர்த்திப் பாருங்கள். காம்புக்குக் கீழே றப்பர் வில்லை மாதிரி ஒன்று தட்டுப்பட்டால் அது சுரப்பி. காம்பு வரைக்கும் மெத்தென்றே இருந்தால் பெரும்பாலும் கொழுப்பு. வைத்தியரும் இப்படித்தான் தொட்டுப் பார்ப்பார். ஸ்கேன் எல்லாம் அப்புறம்.

வெறும் கொழுப்பென்றால் லைபோசக்ஷன் போதும். சில மில்லிமீற்றர் துளைதான், தழும்பைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். ஆனால் சுரப்பி உள்ளவருக்கு இதை மட்டும் செய்தால், சுற்றியிருந்த கொழுப்பு போய், காம்பின் கீழே உள்ள வில்லை இன்னும் எடுப்பாகத் தெரியும். இறுகிய சுரப்பி உறிஞ்சும் குழாய்க்குள் லேசில் வராது. காசு கட்டியும் சரிவரவில்லை என்ற கவலை பலருக்கு இங்கேதான் தொடங்குகிறது.

வெட்டி எடுக்கும்போது காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் கீழ் விளிம்பில் அரைவட்டமாகக் கீறுவார்கள். இரண்டு நிறத் தோலும் சந்திக்கும் கோடு என்பதால் தழும்பு மறைந்துவிடும். 1946இல் வெப்ஸ்டர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் விவரித்த முறை இது. இன்றும் பரவலாகச் செய்கிறார்கள். இதில் ஆபத்து வேறு: கூடுதலாக எடுத்தால் காம்பு பள்ளமாக உள்ளே போய்விடும். அதனால் அனுபவமுள்ளவர் காம்புக்குக் கீழே கொஞ்சத்தை வேண்டுமென்றே விட்டுவைப்பார். "முழுக்க எடுத்துவிடுங்கோ டொக்டர்" என்று வற்புறுத்தாதீர்கள். முதல் நாளிலேயே ஒரு பக்கம் திடீரென வீங்கி வலித்தால் உள்ளே இரத்தம் தேங்கியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அநேகருக்குக் கொழுப்பும் சுரப்பியும் கலந்தே இருக்கும். அவர்களுக்கு ஒரே தடவையில் இரண்டையும் செய்வதுதான் என் தெரிவு. தோல் தொங்கினால் கதை மாறும். கைனகோமாஸ்டியாவுக்கு 1973இல் சைமன் என்ற வைத்தியரின் குழுவினர் வகுத்த தரப்படுத்தல்கூட மார்பின் பருமனோடு மிஞ்சிய தோலையும் பார்க்கிறது. இளம் தோல் சில மாதங்களில் தானாகச் சுருங்கும். நிறைய எடை குறைத்தவரின் தோல் அப்படிச் சுருங்காது, அதையும் வெட்டவேண்டும், தழும்பும் நீளும்.

எந்த முறை என்றாலும் அதைக் கெடுக்கக்கூடியவை சில நம் கையில் இருக்கின்றன. புகைத்தால் காயம் சரியாக ஆறாது, சில கிழமைகளுக்கு முன்பே நிறுத்தவேண்டும். ஜிம்மில் ஸ்டீராய்ட் ஊசி போடுபவருக்கு, அதிலுள்ள ஆண் ஹார்மோனின் ஒரு பகுதி உடம்பில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. ஊசியை விடாமல் சத்திரசிகிச்சை செய்தால் எஞ்சிய சுரப்பி திரும்ப வளரலாம். எடை ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் அது ஒரு நிலைக்கு வந்த பிறகு போவது நல்லது.

அப்புறம், சத்திரசிகிச்சைக்குப் பிறகு வீக்கம் வடியப் போடும் அந்த இறுக்கமான பெனியன். நான்கு முதல் ஆறு கிழமை போடச் சொல்வார்கள். கச்சான் காற்று அனலாக அடிக்கும் ஆடியில் யாரால் முடியும்? வியர்க்கிறது, அரிக்கிறது என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். வீக்கம் வடியாமல் நிற்கிறது. மழைக்குளிர் நல்லதுதான், ஆனால் மார்கழி வெள்ளத்தில் கிளினிக்குக்குப் போய்வருவது பெரும்பாடு. மழை ஓய்ந்த தை கடைசியோ மாசியோ எங்கள் பக்கத்துக்குத் தோதான காலம். பெனியன் இரண்டு வாங்குங்கள், மாற்றித் துவைக்க. கடைசி வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் போகும்.

எதுவும் செய்யாமல் பொறுத்திருப்பதும் ஒரு தெரிவு. பருவ வயதில் வருவது பெரும்பாலும் ஆறு மாதம் தொடக்கம் இரண்டு வருடத்துக்குள் தானாக வற்றிவிடும். பதினைந்து வயதுப் பிள்ளையை அவசரப்பட்டுக் கத்திக்குக் கொடுக்கவேண்டாம். ஸ்பைரோனோலக்டோன் போன்ற மருந்துகளாலும் மார்பு வளரும், அதை மாற்ற முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

ஒரு பக்கம் மட்டும், காம்பை விட்டு விலகிக் கல்லுப்போல் கட்டி இருந்தாலோ, காம்பிலிருந்து இரத்தம் கசிந்தாலோ, இந்த ஒப்பீடெல்லாம் பிறகு. ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை சத்திரசிகிச்சை கிளினிக்கில் தாமதிக்காமல் காட்டுங்கள்.